உண்ணி நாய் மேல் மட்டும் இல்லை... உங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது!

விடியற்காலை ஐந்தரை மணி. சிங்கப்பெருமாள் கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் தூக்கக் கலக்கத்தோடு இறங்க, காலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் அவசரமாக ஏறுகிறார்கள். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் சுருண்டு கிடந்த நாய் எழுந்து, பிஸ்கட் கிடைக்குமா என்று வாலை ஆட்டுகிறது. அடுத்த நொடியே உட்கார்ந்து, பின்னங்காலால் காதைப் பரபரவென்று சொறிகிறது.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கும் வல்லம் வடகால், ஒரு தலைமுறைக்கு முன்பு கிராமம். இன்று சிப்காட் தொழிற்பூங்கா. 2017-ல் ராயல் என்ஃபீல்டு ஆலை இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. 2024 ஆகஸ்ட்டில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் அளவுக்குப் பெரிய குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. சுற்றுவட்டார கிராமங்களில் வாடகைக்கென்றே கட்டிய லைன் வீடுகள் பெருகிவிட்டன.

மனிதர்கள் வந்த இடத்துக்கு நாய்களும் வந்துவிட்டன. செக்யூரிட்டி ரூம் வாசலில் ஒன்று, மெஸ்ஸுக்குப் பின்னால் மூன்று, லைன் வீட்டுத் திண்ணையில் செல்லமாக ஒன்று. அந்த நாய்களோடு சேர்ந்து, யாரும் அழைக்காமலேயே இன்னொரு உயிரும் குடியேறிவிடுகிறது. அதுதான் உண்ணி.

'உண்ணிதானே... பிடுங்கிப் போட்டா போச்சு' என்று நினைப்பவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

'போன மாசம் உண்ணி இருந்துச்சா?'

இது எந்த ஒரு தனி வீட்டின் கதையும் அல்ல. நாய் வளர்க்கும் பல வீடுகளில் நடப்பதைத் திரட்டிச் சொல்கிறோம்.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு. அவர்கள் வளர்க்கும் மணிக்கு வயது மூன்று. தட்டு வைத்தால் கையை எடுப்பதற்குள் காலி செய்துவிடுகிறவன். திடீரென்று இரண்டு நாளாகச் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, போய்ப் படுத்துக்கொள்கிறான்.

'வெயில் ஜாஸ்தி, அதான்' என்கிறார் கணவர். தயிர்சாதம் வைக்கிறார்கள். அதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை, மணி படுத்திருந்த சாக்கில் ரத்தத் துளிகள். பார்த்தால், ஒரு பக்க மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது. யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, பக்கத்து வீட்டுப் பையன்களிடம் சண்டைக்குப் போகிறார் மனைவி.

கால்நடை மருத்துவர் முதலில் மணியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கிறார். வெளிறிப் போயிருக்கிறது. பிறகு ஒரு கேள்வி கேட்கிறார்.

'ஒரு மாசத்துக்குள்ள உண்ணி ஏதாவது இருந்துச்சா?'

'நாலஞ்சு இருந்துச்சு டாக்டர். அப்பவே பிடுங்கிப் போட்டுட்டோமே!'

அங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். உண்ணி போய்விட்டது. ஆனால், போவதற்கு முன்பு அது ரத்தத்துக்குள் இறக்கிவிட்ட கிருமி தங்கிவிட்டது. உண்ணி கடித்ததற்கும் நாய் படுப்பதற்கும் இடையில் இரண்டு, மூன்று வாரங்கள் ஓடிவிடுவதால், இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

நாய் மேல் கொஞ்சம்... வீட்டில் மிச்சம்!

நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் உண்ணி பெரும்பாலும் ஒரே வகைதான். பழுப்பு நிற நாய் உண்ணி. உலகில் வெப்பமான பகுதிகள் எங்கும் இருப்பது இதுதான்.

மாட்டு உண்ணியும் இதுவும் ஒன்றல்ல. மாட்டில் அதிகமாகக் காணப்படும் உண்ணி, குஞ்சாக ஏறிய மாட்டின் மேலேயே வளர்ந்து, முட்டையிடும் நேரத்தில்தான் கீழே இறங்கும். நாய் உண்ணி அப்படியல்ல. இது வாழ்நாளில் மூன்று முறை நாய் மேல் ஏறி, மூன்று முறை இறங்குகிறது.

முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத புள்ளி போல இருக்கும். நாயின் மேல் ஏறி, சில நாள் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். ஏதாவது இடுக்கில் பதுங்கித் தோலுரித்து, எட்டுக் காலோடு அடுத்த பருவத்துக்கு வரும். மறுபடி ஏறும், குடிக்கும், இறங்கும். மீண்டும் தோலுரித்து முழு உண்ணியாக மூன்றாவது முறை ஏறும். பெண் உண்ணி ஒரு வாரம் போல ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்து, ஆமணக்கு விதை மாதிரி உப்பிவிடும். ஆமணக்குக்கு லத்தீன் மொழியில் இருக்கும் பெயரே 'உண்ணி' என்று பொருள்படும் சொல்தான்.

உப்பிய பெண் உண்ணி கீழே இறங்கி, ஒரு விரிசலைத் தேடிப்பிடித்து முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். எத்தனை முட்டை? ஆயிரத்துக்கும் மேல். நன்றாக ரத்தம் குடித்த உண்ணி என்றால் நான்காயிரம்வரை போகும்.

மொத்தத்தில் இந்த உண்ணி, வாழ்நாளில் ஏறக்குறைய 95 சதவிகிதத்தை நாயின் உடலுக்கு வெளியேதான் கழிக்கிறது. நீங்கள் நாயின் காதில் ஐந்து உண்ணியைப் பார்க்கிறீர்கள் என்றால், பார்க்காதவை அதைவிடப் பல மடங்கு என்று அர்த்தம்.

அவை எங்கே இருக்கின்றன? புல்லிலும் புதரிலும் தேடாதீர்கள். வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு 'நாங்க நாயைத் தோட்டத்துப் பக்கமே விடுறதில்லையே' என்பவர்கள் உண்டு. அங்கே பேசப்படுவது காட்டு உண்ணிகளைப் பற்றி. நம்முடையது வீட்டு உண்ணி. அதுவும் மேல்நோக்கி ஏறும் பழக்கம் கொண்டது. சுவர் விரிசல், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்து, மாட்டி வைத்த காலண்டருக்குப் பின்புறம், கட்டில் கால், ஜன்னல் திரையின் மடிப்பு, நாய்க் கூண்டின் கூரை... இவைதான் அதன் முகவரி.

இரை கிடைக்காவிட்டாலும் கவலைப்படாது. வளர்ந்த உண்ணி பல மாதங்கள் பட்டினியாகவே காத்திருக்கும். முந்தைய வாடகைதாரர் நாயோடு காலி செய்துகொண்டு போய், வீடு பூட்டிக் கிடந்து, நீங்கள் குடிவந்த இரண்டாம் நாளே உங்கள் நாயின் மேல் உண்ணி இருந்தால் ஆச்சர்யப்படாதீர்கள்.

குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் உண்ணிகளின் வேகம் குறையும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் அந்த நல்ல காரியம் நடப்பதில்லை. முட்டையில் தொடங்கி முட்டை வரையிலான சுழற்சி இரண்டு, மூன்று மாதங்களில் முடிந்து, வருடம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்.

மெட்ராஸில் கண்டுபிடிக்கப்பட்ட கிருமி!

உண்ணி பரப்பும் நோய்களில் நம் ஊரோடு நேரடித் தொடர்புள்ள ஒன்று உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் மெட்ராஸில் வேட்டைக்கென்று ஒரு கிளப் இருந்தது. 'மெட்ராஸ் ஹன்ட்' என்று பெயர். அதன் வேட்டை நாய்களின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த வால்டர் பேட்டன் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர், சிவப்பணுக்களுக்குள் புதிய ஒட்டுண்ணி ஒன்று இருப்பதைக் கண்டார். நரியின் ரத்தத்திலும் அதே ஒட்டுண்ணி இருந்தது. 1910-ல் அதைப் பற்றி எழுதினார். இன்று உலகம் முழுக்க மருத்துவர்கள் 'பபீசியா கிப்சோனி' என்று சொல்லும் கிருமி அதுதான்.

பபீசியா சிவப்பணுக்களுக்குள் புகுந்து, அவற்றை உடைக்கிறது. நாய்க்குக் காய்ச்சல், கடும் ரத்தசோகை, மஞ்சள் காமாலை வரும். சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போகலாம்.

இரண்டாவது கிருமி, எர்லிக்கியா. 1935-ல் அல்ஜீரியாவில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்கள் நூற்றுக்கணக்கில் மூக்கில் ரத்தம் வடிந்து செத்தபோதுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. அந்த நாய்களில் பெரும்பாலானவை ஜெர்மன் ஷெப்பர்டு. இன்றும் அந்த இனத்துக்கு இந்த நோய் வந்தால் தீவிரமாகத் தாக்கும்.

இது பழைய கதை மட்டுமல்ல. நீண்ட காலம் இந்த நோய் இல்லாமல் இருந்த ஆஸ்திரேலியாவில், 2020-ல் அது உள்ளூர் நாய்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அந்த நாட்டின் வடபகுதி முழுக்கப் பரவியது.

எர்லிக்கியா வெள்ளையணுக்களுக்குள் உட்காரும். அதன் விளைவாகப் பிளேட்லெட் குறையும். டெங்கு காலத்தில் நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய அதே பிளேட்லெட்தான். மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், ஈறில் கசிவு எல்லாம் அதனால் வருபவை.

எர்லிக்கியாவின் தந்திரம் என்ன தெரியுமா? முதல் கட்டக் காய்ச்சல் இரண்டு, நான்கு வாரங்களில் தானாகவே அடங்கிவிடலாம். நாய் சாப்பிடும், விளையாடும். 'சரியாயிடுச்சு' என்று நாம் நிம்மதி அடைவோம். கிருமி மண்ணீரலில் ஒளிந்திருக்கும். மாதக்கணக்கில், சில நாய்களிடம் வருடக்கணக்கில்கூட. பிறகு ஒருநாள் மூன்றாம் கட்டமாக எலும்பு மஜ்ஜையைத் தாக்கினால், ரத்த அணுக்கள் உற்பத்தியே படுத்துவிடும். அந்த நிலையில் நாயைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

மூன்றாவது, ஹெப்படோசூன். இது உண்ணி கடிப்பதால் வருவதில்லை. நாய் தன் உடம்பில் இருக்கும் உண்ணியைக் கடித்து விழுங்குவதால் வருகிறது. 'எங்க நாயே தன் உண்ணியைச் சாப்பிட்டுடும்' என்று பெருமைப்படுகிறவர்கள் கவனிக்க!

ஒரே உண்ணியே ஒன்றுக்கும் மேற்பட்ட கிருமிகளைச் சுமக்கலாம். குட்டிகளுக்கோ கிருமியே தேவையில்லை. உடல் முழுக்க உண்ணி மொய்த்தால், குடிக்கும் ரத்தத்தாலேயே சோகை வந்து உயிர் போகலாம்.

'எங்களுது நாட்டு நாய், அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்றும் சொல்ல முடியாது. ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, தெருவில் பிறந்ததோ... எதற்கும் விலக்கு இல்லை. 'வருஷா வருஷம் ஊசி போடுறோமே' என்றால், அந்த ஊசிகள் வெறிநோய், பார்வோ போன்றவற்றுக்கு. எர்லிக்கியாவுக்குத் தடுப்பூசியே கிடையாது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள்

* ஒரு நாளுக்கு மேல் சாப்பாட்டை ஒதுக்குதல், எழுந்து வரச் சோம்பல்.
* ஈறும் கண்ணின் உள் இமையும் வெளிறியிருப்பது அல்லது மஞ்சளாக இருப்பது.
* மூக்கில் ரத்தம், வயிறு மற்றும் தொடையின் உள்பக்கம் சிவப்புப் புள்ளிகள், கறுப்பு நிற மலம்.
* டிகாக்‌ஷன் நிறச் சிறுநீர்.
* தாடைக்குக் கீழே, முழங்காலுக்குப் பின்னால் நெறி கட்டியிருத்தல்.
* கண் திடீரென்று மங்கலாகவோ நீலம் பூத்தோ தெரிவது.
* காரணம் தெரியாமல் எடை குறைதல், நொண்டுதல்.

போகும்போது, கடைசியாக உண்ணி பார்த்தது எப்போது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அந்த ஒரு தகவல் பெரிய உதவி.

ஒரு துளி ரத்தம் சொல்லும்

முதலில் செய்வது, ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்கும் சாதாரண டெஸ்ட். அடுத்து, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. இதில் கிருமி தெரிந்தால் விடை கிடைத்துவிடும். தெரியாவிட்டால் 'நோய் இல்லை' என்று முடிவு கட்ட முடியாது. அப்போது கிட் டெஸ்ட் அல்லது பி.சி.ஆர் டெஸ்ட் தேவைப்படலாம். ஒரு விஷயம்... நோய் குணமான பிறகும் கிட் டெஸ்ட் பல மாதங்கள் பாசிட்டிவ் காட்டலாம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அருகில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவமனையில் ஆரம்பிக்கலாம். சிக்கலான நிலை என்றால், 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. வல்லம் வடகாலிலிருந்து போய்வர ஒரு நாள் ஆகும். ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் லீவு என்பது சம்பளப் பிரச்னை. அதனால்தான் மூக்கில் ரத்தம் வரும்வரை காத்திருக்காமல், சாப்பாட்டை ஒதுக்கிய மறுநாளே உள்ளூர் டாக்டரிடம் காட்டிவிடுவது எல்லா வகையிலும் லாபம்.

எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்யும். பொதுவாக நான்கு வாரம் கொடுக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாளே நாய் எழுந்து ஓடும். அங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஒளிந்திருக்கும் கிருமிக்கு அது விருந்து வைப்பது மாதிரி. டாக்டர் சொன்ன நாள்வரை கொடுத்தே ஆக வேண்டும்.

இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. உணவோடு கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால், தயிர்சாதத்தில் ஒளித்துக் கொடுப்பது நம் வழக்கம். பாலில் இருக்கும் கால்சியம் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கலாம் என்பதால், சோற்று உருண்டையிலோ சிக்கன் துண்டிலோ வைத்துக் கொடுங்கள்.

பபீசியாவுக்கு மருந்தே வேறு. அதிலும் மெட்ராஸில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த 'கிப்சோனி' வகை பிடிவாதக்காரன். ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ரத்தம் மிகவும் குறைந்துவிட்டால் வேறு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டியும் வரலாம். எனவே பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து மருந்து வாங்காதீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை... காய்ச்சல் என்றதும் வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிளேட்லெட் குறைந்த நாய்க்கு அது உயிருக்கே ஆபத்து. பப்பாளி இலைச் சாற்றை நம்பி நாள் கடத்துவதும் வேண்டாம்.

உண்ணியைப் பார்த்ததும் செய்யக் கூடாதவை

நகத்தால் நசுக்காதீர்கள். உண்ணிக்குள் இருக்கும் கிருமி விரல் காயம் வழியாக நமக்கு வர வாய்ப்பு உண்டு. நுனி மெல்லிய ட்வீசரால், தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். எடுத்ததை ஸ்பிரிட் ஊற்றிய மூடி போட்ட பாட்டிலில் போட்டுவிடுங்கள். பிறகு கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய், பெட்ரோல் தடவுவது எல்லாம் நாயின் தோலைத்தான் பொசுக்கும். ஃபினாயில் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுவதும் விஷம். நாய் தன் உடம்பை நக்கும் என்பதை மறக்காதீர்கள். சீத்தாப்பழ விதைப்பொடி கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய் மேல் அடித்து, உண்ணிக்குப் பதில் நாயை இழந்தவர்கள் உண்டு.

மாட்டுக்குப் போடும் உண்ணி ஊசியை அளவு தெரியாமல் நாய்க்குப் போடுவதும் ஆபத்து. கோலி போன்ற சில இனங்களுக்கு ஐவர்மெக்டின் மூளையைப் பாதித்து உயிரைப் பறிக்கும். வீட்டில் பூனையும் இருக்கிறதா? நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய விஷம். வாங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

போர் இரண்டு முனைகளில்!

முதல் முனை, நாய். இன்று நல்ல மருந்துகள் வந்துவிட்டன. சாப்பிடக் கொடுக்கும் மாத்திரைகளில் மாதத்துக்கு ஒன்று போடுவதும் உண்டு, ஒன்று கொடுத்தால் ஏறக்குறைய மூன்று மாதம் தாங்குவதும் உண்டு. பிடரியில் விடும் சொட்டு மருந்து, கழுத்தில் கட்டும் மருந்துப் பட்டை என்று வேறு வழிகளும் இருக்கின்றன. எல்லாமே நாயின் எடையைப் பொறுத்தது. பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கி இரண்டாக உடைத்து இரண்டு நாய்க்குக் கொடுக்கும் சிக்கனம் வேண்டாம். வலிப்பு வரும் நாய் என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மாத்திரை கொடுத்த பிறகும் சில வாரங்கள் நாய் மேல் உண்ணி தென்படலாம். 'மருந்து வேலை செய்யலை' என்று நிறுத்திவிடாதீர்கள். சுவரில் காத்திருப்பவை ஒவ்வொன்றாக ஏறி, கடித்து, செத்து விழுகின்றன. உண்மையில் மருந்து கொடுக்கப்பட்ட நாய்தான் வீட்டில் இருக்கும் மிகச் சிறந்த உண்ணிப் பொறி. மூன்று, நான்கு மாதம் விடாமல் கொடுத்தால்தான் சுவரில் இருப்பவை தீரும்.

இரண்டாவது முனை, வீடு. நாய் படுக்கும் கோணிச் சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, துவைக்கக்கூடிய துணியை விரியுங்கள். வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் காயப் போடுங்கள். சுவர் விரிசல், கதவு நிலையின் சந்து எல்லாவற்றையும் வெள்ளை சிமென்ட் வைத்து அடையுங்கள். கட்டிலை நகர்த்தி, படங்களைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள்.

அப்படியும் தீரவில்லை என்றால், பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிடலாம். குழந்தைகள், நாய், மீன் தொட்டி எல்லாம் வெளியே போன பிறகு அடித்து, நன்றாகக் காய்ந்த பின்தான் உள்ளே வர வேண்டும். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து மறுபடி அடிக்க வேண்டும்.

நாயைத் துரத்தினால் உண்ணி போய்விடுமா?

சுவரில் உண்ணி ஊர்வதைப் பார்த்ததும் ஹவுஸ் ஓனர் சொல்லும் முதல் வார்த்தை, 'நாயைக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுடுங்க' என்பதுதான். வேறு வீடு பார்க்க முடியாத குடும்பங்கள், ஒருநாள் இரவு நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஏதோ ஒரு கம்பெனி மதில் ஓரம் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகின்றன.

நாய்க்கு நேரும் கொடுமை ஒருபுறம் இருக்கட்டும். அப்படிச் செய்வதால் வீட்டுக்கும் நன்மை இல்லை. இந்த உண்ணிக்குப் பிடித்தது நாய் ரத்தம்தான். நாய் இருக்கும்வரை மனிதர்களை அபூர்வமாகவே கடிக்கும். நாயை அகற்றிவிட்டால், சுவரில் பட்டினி கிடக்கும் நூற்றுக்கணக்கான உண்ணிகளுக்கு மிச்சம் இருப்பது நாம்தான். தவழும் குழந்தையும், பாயில் படுப்பவர்களும்தான். வெப்பம் கூடும்போது இந்த உண்ணி மனிதரை நாடுவது அதிகரிக்கிறது என்று பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஷீட் கூரை போட்ட லைன் வீட்டின் மே மாத வெப்பத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

நாய் உண்ணி மனிதருக்குப் பரப்பக்கூடிய காய்ச்சல் ஒன்றும் உண்டு. 'இந்தியன் டிக் டைஃபஸ்' என்பார்கள். காய்ச்சல், தலைவலியோடு உள்ளங்கை, உள்ளங்காலில்கூடச் சிவப்புத் தடிப்புகள் வரும். தமிழகத்தில் அடிக்கடி செய்தியில் வரும் 'ஸ்க்ரப் டைஃபஸ்' வேறு. அதைப் பலரும் 'உண்ணிக் காய்ச்சல்' என்று சொல்வதால் குழப்பம் வருகிறது. அது புதர்களில் இருக்கும் மிக நுண்ணிய பூச்சிக் குஞ்சுகளால் பரவுவது. நாய் உண்ணியால் அல்ல. எதுவாக இருந்தாலும், வீட்டில் உண்ணி இருந்து யாருக்காவது காய்ச்சல் வந்தால், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் தெரிந்தால் எளிதில் குணப்படுத்தலாம்.

ஊர் கூடினால்...

லைன் வீட்டில் பத்துக் குடித்தனம். நடுவில் ஒற்றைச் சுவர். நீங்கள் மட்டும் உங்கள் நாய்க்கு மருந்து கொடுத்து, பக்கத்துப் போர்ஷன்காரர் கொடுக்காவிட்டால், உண்ணிக்குச் சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். வாசலில் படுக்கும் தெருநாய்க்கும் சேர்த்துக் கொடுத்தால்தான் கணக்கு நேராகும்.

இது நடக்கிற காரியமா? நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பழங்குடியினர் வாழும் பகுதிகளில், இதே பழுப்பு நாய் உண்ணி ஒரு கொடிய காய்ச்சலைப் பரப்பி மனித உயிர்களைப் பலி வாங்கியது. அங்கும் கட்டிப்போடாத நாய்கள், நெருக்கமான வீடுகள். 2012-ல் ஒரு குடியிருப்பில் சுமார் 500 வீடுகளை எடுத்துக்கொண்டு, நாய்களுக்கெல்லாம் மருந்துப் பட்டை கட்டினார்கள். வீடுகளைச் சுற்றி மாதாமாதம் மருந்து அடித்தார்கள். முடிவில், உண்ணியோடு காணப்பட்ட நாய்கள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இந்த ஏற்பாடு நடக்காத பகுதியில் அது நூற்றுக்கு 64.

வல்லம் வடகாலில் ஒரு லைன் வீட்டின் பத்துக் குடும்பங்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தங்கள் நாய்களுக்கு மருந்து கொடுத்து, விரிசல்களை அடைத்தால் போதும், அதே வேலை சிறிய அளவில் நடந்துவிடும். ஹவுஸ் ஓனரும் சிமென்ட் செலவை ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. அடுத்து வரும் வாடகைதாரருக்கும் அந்த வீடுதானே! கம்பெனி வாசலில் நாய்களுக்குச் சோறு வைக்கும் செக்யூரிட்டி அண்ணன்களும், ஹாஸ்டல் பெண்களும், டாக்டரிடம் கேட்டு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாத்திரை வாங்கி, சிக்கன் துண்டில் வைத்துக் கொடுக்கலாம். கருத்தடை ஆபரேஷனுக்கு நாய்களைப் பிடிக்கும்போதே உண்ணி மருந்தும் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

மணிக்கு வருவோம். அவனை மூன்றாம் நாளே கொண்டுபோனதால் பிளேட்லெட் மீளும் நிலையில் இருந்தது. நான்கு வாரம் மாத்திரை. ஒருவர் டே ஷிஃப்ட், ஒருவர் நைட் ஷிஃப்ட் என்பதால், யார் எப்போது கொடுத்தார்கள் என்று காலண்டரில் டிக் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் காலண்டரைக் கழற்றிய அன்றுதான் அதன் பின்னால் உண்ணிகள் வரிசைகட்டி நிற்பதையும் பார்த்தார்கள்.

இன்று இரவு உங்கள் நாய் மடியில் தலை வைக்கும்போது, இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். காதுக்குள், காதுக்குப் பின்னால், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், கால் விரல்களுக்கு நடுவில், வாலுக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தையும் பார்த்து வையுங்கள். நல்ல நிறம் எது என்று இன்று தெரிந்திருந்தால்தான், அது வெளிறும் நாளில் உங்களுக்குப் புரியும்.